கோப்பித்தியாம் சில்லருக்குள்ள எடல்வைஸ்: செந்தூல் பிளாட்டுல ரெண்டரை வருஷம்

அம்மா வளர்க்கிற பாக்காவாலி பூக்கிற ராத்திரி கோலாலம்பூர் செந்தூல்ல எங்க மாடி வரிசையே வாசல்ல வந்து நிக்கும். பதினோரு மணிக்கு மேல மெதுவா விரியும், வாசனை லிஃப்ட் வரைக்கும் போகும், விடிஞ்சா வாடிப் போய் தொங்கும். அம்மா கற்பூரம் காட்டி "பிரம்ம கமலம் பூத்திருக்கு, கும்பிட்டுக்கோங்க"ன்னு எல்லாருக்கும் சொல்வாங்க. 2022 கடைசியில அப்படி பூத்த ஒரு ராத்திரி என் மகள் ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காக படிச்சதை வெச்சு "பாட்டி, இது கள்ளி குடும்பம், மெக்சிகோ பக்கத்துல இருந்து வந்தது, அசல் பிரம்ம கமலம் இமயமலையில இருக்கு"ன்னு சொல்லிட்டா. அம்மா கோவப்படல. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு என்னைப் பார்த்து, "நீதான் குளிர்சாதனமெல்லாம் ரிப்பேர் பண்றியே, அந்த மலைக் குளிரை இங்க கொண்டு வர முடியாதா"ன்னு கேட்டாங்க.

நான் ஏர்கோன் (ஏசி), சில்லர் வேலை பாக்கிறவன், பத்தொன்பது வருஷமா. அந்தக் கேள்வி மனசுல உக்காந்துடுச்சு. மலைக் குளிர்னா என்ன, அதுல எத்தனை பங்கு டெம்பரேச்சர், எத்தனை பங்கு வெளிச்சம், எத்தனை பங்கு காத்து, எத்தனை பங்கு கல்லு? அதைத் தேடிப் போனதோட கதைதான் இது. யாராவது இதே மாதிரி மலைப்பூ வளர்க்கப் பார்த்தா நான் இழந்த செடிகளை நீங்களும் இழக்க வேண்டாம், அதுக்காக முழுசா எழுதி வெக்கிறேன்.

அசல் பிரம்ம கமலத்தை நான் தொடல, அதை முதல்லயே சொல்லிடறேன். அது உத்தரகாண்ட் மாநிலத்தோட மாநிலப் பூ, மூவாயிரம் நாலாயிரம் மீட்டர் உயரத்துல பாறைச் சரிவுல வளருது, கேதார்நாத், பத்ரிநாத் கோயில்கள்ல சாமிக்குச் சாத்துறாங்க. பறிச்சு பறிச்சு காட்டுல ரொம்ப குறைஞ்சு போன செடி. அதுக்கு விதை விக்கிறேன்னு சொல்றவன் காட்டுல இருந்து எடுத்துதான் விப்பான், எனக்கு அது வேண்டாம். அதே சூரியகாந்தி குடும்பத்துல, அதே மாதிரி உயர மலையில வளர்ற எடல்வைஸைத் தேர்ந்தெடுத்தேன். ஐரோப்பாவோட ஆல்ப்ஸ் மலைப் பூ, ஆஸ்திரியாவோட 2 சென்ட் நாணயத்துல கூட இருக்கும். அங்கயும் காட்டுல பறிக்கிறதுக்கு கட்டுப்பாடு உண்டு, ஆனா நர்சரிகள்ல தலைமுறை தலைமுறையா வளர்க்கிறாங்க, அதனால தோட்ட விதை சுலபமா கிடைக்கும். பேரு ஜெர்மன் மொழியில உயர்ந்த வெள்ளைன்னு அர்த்தம் வரும், தாவரப் பேரு லியோன்டோபோடியம், கிரேக்கத்துல சிங்கத்தோட பாதம். பூவைப் பார்த்தா புரியும், பஞ்சு மூடின பாதம் மாதிரியே இருக்கும். அந்த வெள்ளை நட்சத்திரம் இதழ் இல்ல, பூவுக்குக் கீழ இருக்கிற இலைகள்தான், நடுவுல மஞ்சளா சின்னச் சின்ன உருண்டையா இருக்கே அதுதான் நிஜப் பூக்கள். விதைக்கு மாக்கிஸ் (மலேசியாவோட விவசாயக் குவாரன்டீன் இலாகா) பெர்மிட் எடுத்து, அந்த நாட்டு தாவர சுகாதார சர்டிபிகேட்டோட வரவழைச்சேன். இது இல்லாம கவர்ல போட்டு அனுப்பச் சொல்லாதீங்க, நம்ம ஊரு விவசாயத்துக்கே ஒரு நோய் வந்து சேர்ந்துடும்.

முதல்ல கணக்கு போட்டுப் பார்த்தேன். மலை ஏற ஏற 100 மீட்டருக்கு ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல, பகல் 32, 33, ராத்திரி 24, சராசரி 27, 28னு வெச்சுக்குவோம். கேமரன் மலை தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல, அங்க சராசரி 18 பக்கம். எடல்வைஸ் வளர்றது ஆல்ப்ஸ்ல 1,800ல இருந்து 3,000 மீட்டர் வரைக்கும், அதுவும் பூமத்திய ரேகையில இருந்து ரொம்ப தள்ளி. நம்ம நாட்டுல அந்தக் குளிர் வேணும்னா கினபாலு மலையில ஏறக்குறைய 3,000 மீட்டருக்கு மேல போகணும். ஆனா அங்கயும் ஒரு வித்தியாசம் இருக்கு, இதை நான் லேட்டாதான் புரிஞ்சுக்கிட்டேன். கினபாலுல வருஷம் பூரா ஒரே மாதிரி, பகல்ல வெயில், ராத்திரி நடுக்கம், அவ்ளோதான். ஆல்ப்ஸ்ல பருவம் இருக்கு, கோடையில ஏறக்குறைய 16 மணி நேரம் வெளிச்சம், குளிர்காலத்துல மாசக்கணக்கா பனிக்கு அடியில இருட்டு. எடல்வைஸ் அந்தத் தூக்கத்துக்குப் பழகின செடி. சும்மா ஜில்லுன்னு வெச்சா போதாது, ஒரு வருஷத்தையே அதுக்குச் செஞ்சு குடுக்கணும்.

2023 மார்ச்ல செந்தூல் பசார் பக்கத்துல ஒரு கோப்பித்தியாம் (காப்பிக் கடை) தவுக்கே, அதாவது முதலாளி, ஒத்தைக் கதவு கண்ணாடி சில்லரை, பாட்டில் தண்ணி அடுக்குவாங்களே அதை, பழைய இரும்புக்குப் போட இருந்தார். கேட்டதும் "நீ தூக்கிட்டுப் போ லா"ன்னு குடுத்துட்டார், நான் அவர் கடை ஏர்கோனை சர்வீஸ் பண்ணிக் குடுத்தேன். வீட்டுக்குக் கொண்டு வந்து பார்த்தா கம்ப்ரஸர் ஓடுது, குளிரே இல்ல, சக்‌ஷன் பைப் வெதுவெதுன்னு இருக்கு, கேஸ் போயிருக்கு. நைட்ரஜன் ஏத்தி சோப்பு நுரை தடவினா கண்டென்சர் கடைசி வளைவுல குமிழ் வந்துச்சு. அதை பிரேஸ் பண்ணி, ஃபில்டர் டிரையர் மாத்தி, நாப்பது நிமிஷம் வேக்கும் போட்டு, நேம்பிளேட்ல போட்டிருக்கிற அளவுக்கு ஆர்134ஏ கேஸைத் தராசுல நிறுத்துப் போட்டேன். கை மதிப்புல கேஸ் போடாதீங்க, இந்த மாதிரி கேப்பிலரி வெச்ச சின்ன சிஸ்டத்துல இருபது கிராம் கூடினாலும் காயில் ஒழுங்கா வேலை செய்யாது. கதவு கேஸ்கெட் கீழ் மூலையில கிழிஞ்சிருந்துச்சு, புதுசு போட்டேன். கண்ணாடி வேர்க்காம இருக்க ஃப்ரேமுக்குள்ள ஒரு ஹீட்டர் கம்பி ஓடும், அது அறுந்திருந்துச்சு, அதையும் மாத்தினேன். அந்தக் கம்பி பின்னால என்ன பண்ணிச்சுன்னு சொல்றேன்.

சில்லரோட ஒரிஜினல் தெர்மோஸ்டாட் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ளதான் ஓடும், இருபத்தி நாலு மணி நேரமும் அதே குளிர். செடிக்கு அது ஆகாது. அதைக் கழட்டிட்டு ரெண்டு எஸ்டிசி-1000 டெம்பரேச்சர் கண்ட்ரோலர் வாங்கினேன், விலை கம்மி, ஸ்பேர் எங்கயும் கிடைக்கும். ஒண்ணுல 18 டிகிரி, இன்னொண்ணுல 8 டிகிரி செட் பண்ணி, நடுவுல ஒரு டைமரும் ரிலேயும் போட்டேன், பகல்ல முதல் கண்ட்ரோலருக்கு கரண்ட் போகும், ராத்திரி ரெண்டாவதுக்குப் போகும். கண்ட்ரோலரோட எஃப்2 செட்டிங்ல, கம்ப்ரஸர் ஆன் ஆகறதுக்கும் ஆஃப் ஆகறதுக்கும் நடுவுல வித்தியாசம் 2 டிகிரி வெச்சேன், அரை டிகிரின்னு வெச்சா கம்ப்ரஸர் ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு செத்துடும். எஃப்3 ல, கம்ப்ரஸர் திரும்ப ஓடறதுக்கு முன்னால டிலே 5 நிமிஷம். சென்சாரை காயிலுக்குப் பக்கத்துல தொங்க விடாம தொட்டி மட்டத்துல, இலைக்குப் பக்கத்துல கட்டினேன், ஏன்னா மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் 3 டிகிரி வித்தியாசம் காட்டிச்சு.

லைட்டுக்கு வெள்ளை எல்இடி பலகை ரெண்டு, மேல் கூரையில. டிரைவர் சூடாகுற சாமான், அதை சில்லருக்கு வெளியவே வெச்சு ஒயர் மட்டும் உள்ள விட்டேன். இந்த ஒரு விஷயத்துலயே கம்ப்ரஸர் ஓடுற நேரம் நல்லா குறைஞ்சுது. ஆல்ப்ஸ் வெயில் உச்சியில 1,00,000 லக்ஸ் தாண்டும், எனக்கு போன்ல அளந்தப்போ செடி மட்டத்துல 25,000 பக்கம்தான் வந்துச்சு, சூரியனோட போட்டி போட முடியாது, ஆனா அதையே 16 மணி நேரம் குடுக்கலாம்ல. நம்ம ஊர்ல பகல் வருஷம் பூரா ஏறக்குறைய 12 மணி நேரம்தான், ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பினா இந்தச் செடிக்கு கோடை வந்ததே தெரியாது.

மண்ணுல எனக்கு ஒரு சந்தோஷம் கிடைச்சுது. எடல்வைஸுக்குப் பிடிச்சது சுண்ணாம்புக்கல் மலை. தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் ஏறிப் போற பத்துமலையே சுண்ணாம்புக்கல்தான், நம்ம கேஎல்ல பாதி அந்தக் கல்லு மேலதான் உக்காந்திருக்கு. பத்துமலைக் கல்லை யாரும் உடைச்சு எடுக்கக் கூடாது, அதுல நிக்கிற செடிகளுக்கு அதுதான் வீடு. லேண்ட்ஸ்கேப் சாமான் விக்கிற கடையில சுண்ணாம்புக்கல் சல்லி மூட்டையா கிடைக்குது, அதை வாங்கினேன். ரெண்டு பங்கு பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்), ஒரு பங்கு சுண்ணாம்புச் சல்லி, ஒரு பங்கு நல்லா கழுவின ஆத்து மணல், ஒரு பங்கு மட்கின இலை. தேங்காய் நார் போடல, நம்ம ஊர் ஈரத்துல அது தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு விடாது. பாறை இடுக்குல இருக்கிற செடிக்கு மேல காஞ்சும், வேர் பக்கம் ஆழத்துல ஜில்லுன்னும் இருக்கணும், அதனால அகலத் தொட்டியை விட்டுட்டு நாலு இன்ச் பிவிசி பைப்பை 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுத்து அடியில வலை கட்டி தொட்டியாக்கினேன். வேலை செஞ்சு மிஞ்சின பைப்புதான், காசு செலவில்ல. மேல ஒரு விரல்கடை சல்லி மட்டும், செடியோட கழுத்து எப்பவும் காஞ்ச கல்லு மேல உக்காரணும்.

இனி இழப்புகள்.

முதல் விதைப்பு 2023 மே. விதை மிளகாய்ப் பொடி மாதிரி இருக்கும், மூச்சு விட்டா பறந்துடும். ஈரப் பேப்பர்ல வெச்சு நாலு வாரம் குளிர்ல வெச்சேன், குளிர்காலம் முடிஞ்சுதுன்னு விதைக்குத் தெரியணும்ல. அப்புறம் மண்ணு மேல தூவினேன், மூடல, இதுக்கு முளைக்க வெளிச்சம் வேணும். இதுவரைக்கும் சரியாதான் செஞ்சேன். தப்பு என்னன்னா, முளைக்கிறதுக்கு சூடு நல்லதுதானேன்னு தட்டை பிளாஸ்டிக் போட்டு மூடி சமையல்கட்டு மேடையில வெச்சேன். 22 முளைச்சுது, எட்டாவது நாள்லயே. ஒரு வாரத்துல தண்டு அடியில கண்ணாடி மாதிரி ஆகி ஒண்ணொண்ணா சாஞ்சுது. நாற்றழுகல். சூடும் ஈரமும் காத்தில்லாத மூடியும் சேர்ந்தா மண்ணுல இருக்கிற பூஞ்சைக்கு விருந்து. 22ம் போச்சு.

ரெண்டாவது விதைப்பு ஜூலை. இந்தத் தடவை முளைக்க விட்டதே சில்லருக்குள்ள, பகல் 18, ராத்திரி 10, மூடி இல்ல, ஒரு கம்ப்யூட்டர் ஃபேன் 12 வோல்ட்ல இருபத்தி நாலு மணி நேரமும் மெதுவா சுத்துது. மூணு வாரம் ஒண்ணுமே வரல. அம்மா தினம் காலையில பசியாறுற நேரத்துக்குக் கோப்பியோட வந்து கண்ணாடி வழியா எட்டிப் பாப்பாங்க. இருபத்தி மூணாவது நாள் அவங்கதான் முதல்ல பார்த்தாங்க, "ஊசி முனையில பச்சை வெச்ச மாதிரி இருக்கு பாரு"ன்னு. மொத்தம் 19 முளைச்சுது, செப்டம்பர்ல 14 நாத்தை பைப் தொட்டிக்கு மாத்தினேன்.

இங்க ஒண்ணு சொல்லணும், இதுதான் எனக்கு இந்த வேலையில கிடைச்ச பெரிய பாடம். மலைச் செடியைக் கொல்றது பகல் வெயில் இல்ல, ராத்திரி சூடு. பகல்ல 25 டிகிரி போன நாளெல்லாம் கூட செடி தாங்கிச்சு. ஆனா ஒரு தடவை ராத்திரி கண்ட்ரோலர் ஒயர் லூசாகி நாலு நாள் ராத்திரியும் 22லயே நின்னுது, அந்த நாலு நாள்ல நடு இலைகள் மஞ்சளாகி நீண்டுக்கிட்டுப் போச்சு. செடி பகல்ல வெளிச்சத்துல சர்க்கரை செய்யுது, ராத்திரி மூச்சு விட்டு அதைச் செலவு பண்ணுது. டெம்பரேச்சர் 10 டிகிரி கூடினா அந்தச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். குளிர் ராத்திரிக்குன்னு கணக்கு வெச்சுப் பிறந்த செடி நம்ம ஊர் ராத்திரியில சம்பாதிச்சதை எல்லாம் செலவு பண்ணிடும். அதனால யாராவது ஏர்கோன் ரூம்ல பகல்ல மட்டும் குளிர் வெச்சு வளர்க்கலாமான்னு கேட்டா, நான் தலைகீழா வைங்கன்னுதான் சொல்வேன்.

2023 தீபாவளி. ரெண்டு நாள் தெலுக் இந்தான்ல மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். நான் மாத்தின அந்தக் கதவு ஹீட்டர் கம்பி, ஜாயின்ட்டுல ஈரம் ஏறி எர்த் லீக் ஆகி ஈஎல்சிபி (கரண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) ட்ரிப் ஆயிடுச்சு. நான் ஜாயின்ட்டுக்கு ஹீட் ஷ்ரிங்க் மட்டும் போட்டிருந்தேன், சிலிகான் அடைக்கல. திரும்பி வந்தப்போ வீடே இருட்டு, சில்லருக்குள்ள 34 டிகிரி, மூடின கண்ணாடிப் பெட்டிக்கு மத்தியான வெயில் நேரா விழுந்திருக்கு. நாத்துல 6 வெந்த கீரை மாதிரி கிடந்துச்சு. பட்டாசு சத்தம் கீழ கேட்டுக்கிட்டே இருக்கு, நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹீட்டர் ஜாயின்ட்டைப் பிரிச்சு சீல் பண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன். மறுநாளே சில்லருக்குத் தனி லைன் இழுத்து அதே வேலை செய்யற தனி ஆர்சிசிபி சுவிட்ச் போட்டேன், கரண்ட் போனா போனுக்கு மெசேஜ் வர்ற மாதிரி ஒரு சின்ன அலாரம், கண்ணாடிக்கு வெளியில வெள்ளை போர்டு, அப்புறம் வீட்டு ஃப்ரீஸர்ல எப்பவும் ஆறு பாட்டில் ஐஸ். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) கிட்ட சாவி குடுத்து வெச்சிருக்கேன். அவங்க ரெண்டு தடவை ஓடி வந்து ஐஸ் பாட்டில் வெச்சு என் செடியைக் காப்பாத்தியிருக்காங்க, ஒரு தடவை நோன்பு துறக்கிற நேரத்துல.

மிச்சம் 8. அதுல ரெண்டை டிசம்பர்ல மச்சான் கிட்ட குடுத்து அனுப்பினேன், அவருக்கு கேமரன் மலையில ரிங்லெட் பக்கம் காய்கறித் தோட்டம். குளிர்தானே வேணும், அங்க சில்லரே வேண்டாமேன்னு அவர் ரொம்ப நம்பிக்கையா வாங்கிட்டுப் போனார். வெளியில வெச்சார். மூணு வாரத்துல போன் பண்ணி "மாப்ள, செடி கறுப்பாயிடுச்சு"ன்னார். வெயில் பத்தலையா, குளிர் பத்தலையான்னு அவர் கேட்டார். ரெண்டும் இல்ல. கேமரன்ல வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல மழை, அதுக்கு மேல மூடுபனி. எடல்வைஸோட உடம்பு பூரா பஞ்சு, அந்தப் பஞ்சுல தண்ணி நின்னா காயாது, அழுகும். ஆல்ப்ஸ்ல குளிர்காலம் பூரா பனி மூடினாலும் பனி தண்ணி இல்ல, அது போர்வை, உள்ள சைபர் டிகிரி பக்கம் நிலையா காஞ்சு போய்க் கிடக்கும். மச்சான் அதுக்கப்புறம் ஒரு பிளாஸ்டிக் கூரை போட்டுத் தர்றேன், இன்னும் ரெண்டு குடுன்னு கேட்டார், குடுக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.

அந்தப் பஞ்சைப் பத்தி இன்னும் கொஞ்சம். அது குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர் மட்டும் இல்ல. காத்து அடிச்சு ஈரத்தை இழுத்துட்டுப் போகாம இலையை மூடி வெக்குது, அதோட உயர மலையில புற ஊதாக் கதிர் கடுமையா இருக்கும், அதையும் தடுக்குது. 2005ல பெல்ஜியம் விஞ்ஞானிகள் அந்த வெள்ளை முடியை மைக்ரோஸ்கோப்ல பார்த்து, ஒவ்வொரு முடிக்குள்ளயும் ரொம்ப நுண்ணிய இழைகள் வரிசையா இருக்கிறதையும், அந்த அமைப்பு புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கிட்டு வெளிச்சத்தை மட்டும் இலைக்கு விடுறதையும் வெளியிட்டாங்க. கண்ணுக்குத் தெரியாத அளவுல ஒரு ஃபில்டர். பத்தொன்பது வருஷமா ஃபில்டர் மாத்திக்கிட்டு இருக்கிறவனுக்கு அதைப் படிச்சப்போ உடம்பே சிலிர்த்துடுச்சு.

என் சில்லர்லயும் எதிரி தண்ணிதான். கம்ப்ரஸர் ஓடும்போது காயில் ஈரத்தை இழுத்துடும், உள்ள காத்து நல்லா காஞ்சிருக்கும். ஆனா கதவைத் திறந்தா கேஎல் காத்து உள்ள வந்து ஜில்லுன்னு இருக்கிற இலை மேல பனி மாதிரி படியும். ராத்திரி 8 டிகிரியில இருக்கும்போது அம்மா ஒரு தடவை ஆசையா கதவைத் திறந்து பார்த்தாங்க, இலை பூரா முத்து முத்தா தண்ணி. அதுக்கப்புறம் வீட்டுல ஒரு சட்டம், லைட் எரிஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் கதவு திறக்கணும், அப்போ உள்ள 18 இருக்கும், படிஞ்ச ஈரமும் ஃபேன் காத்துல சீக்கிரம் காஞ்சுடும். தண்ணி மேல இருந்து ஊத்துறதே இல்ல, தட்டுல தண்ணி வெச்சு பைப் தொட்டியை பத்து நிமிஷம் நிறுத்தி, வடிய விட்டு, திரும்ப உள்ள. கோடைக் கணக்குல அஞ்சு நாளைக்கு ஒரு தடவை. உரம் பாட்டில்ல சொன்ன அளவுல கால் பங்கு, கோடைக்கு ரெண்டு தடவைதான்.

2024 தைப்பூசம் முடிஞ்சதும் முதல் குளிர்காலம் ஆரம்பிச்சேன். மூணு வாரமா கொஞ்சம் கொஞ்சமா இறக்கினேன், பகல் 14, 10, 6, லைட்டு 12 மணி நேரம், 8 மணி நேரம், அப்புறம் ஆஃப். கடைசியில ராத்திரி பகல் ரெண்டுமே 3 டிகிரி, இருட்டு, பத்து வாரம். வீட்டு ஃபிரிட்ஜ் காய்கறி ட்ராவுலயே வெச்சிருக்கலாமேன்னு மனைவி கேட்டா, ஆனா ஆப்பிள், வாழைப்பழம் எல்லாம் எத்திலீன் வாயு விடும், தூங்குற மொட்டுக்கு அது நல்லதில்ல. இலையெல்லாம் சாம்பலாகி மண்ணோட ஒட்டிக்கிச்சு. தொட்டிக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு கரண்டி தண்ணி, அதுவும் ஓரத்துல. ஒரு தொட்டி மட்டும் காயில் தட்டுல இருந்து சொட்டின தண்ணி பட்டு அழுகிடுச்சு, நான் கவனிக்கல. மிச்சம் 5. அம்மா அந்தப் பத்து வாரமும் "செத்துப் போச்சாடா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நானும் உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டுதான் "தூங்குதும்மா"ன்னு சொன்னேன்.

ஏப்ரல் கடைசியில எழுப்பினேன். வந்த வழியிலயே திரும்ப ஏத்தி, லைட் 16 மணி நேரம். பன்னெண்டாவது நாள் அஞ்சு தொட்டியிலயும் சாம்பல் இலைக்கு நடுவுல வெள்ளிப் பச்சையா மூக்கு நீட்டிச்சு. அன்னிக்கு நான் செராஸ்ல ஒரு ஆபீஸ் கூரையில வேலையில இருந்தேன், மகள் போட்டோ அனுப்பினா, ஏணியில உக்காந்துக்கிட்டே ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

ஜூன்ல ரெண்டு செடி தண்டு விட்டுச்சு. ஜூலை முதல் வாரம் விரிஞ்சுது. தண்டு ஒரு விரல் நீளம், அது மேல ஒரு வெள்ளிக் காசு அகலத்துக்கு நட்சத்திரம், நடுவுல அஞ்சு மஞ்சள் உருண்டை. படத்துல பாக்கிற அளவுக்கு வெள்ளை இல்ல, பச்சை கலந்த சாம்பல். தாழ்வான இடத்துல, சத்தான மண்ணுல வளர்த்தா எடல்வைஸ் அப்படிதான் வெளுப்புக் குறைஞ்சு வரும்னு வளர்க்கிறவங்க சொல்றது உண்மைதான். அம்மா கண்ணாடிக்கு முன்னால ஸ்டூல் போட்டு உக்காந்தாங்க. வாசனை வருமான்னு கேட்டாங்க, பாக்காவாலி மாதிரி வராதும்மான்னேன். காலையில வாடிடுமான்னு கேட்டாங்க. இல்ல, வாரக்கணக்கா இருக்கும்னேன். அதைக் கேட்டதும் அவங்க முகம் மாறினதைச் சொல்ல எனக்கு வார்த்தை வரல. கதவைத் திறக்கச் சொல்லல, வெளியில இருந்தே கண்ணாடிக்குக் கற்பூரம் காட்டினாங்க. லைட் எரிஞ்சு ரெண்டு மணி நேரம் ஆனதும் ஒரு விரலால தொட்டுப் பார்த்து "பூனைக் காது மாதிரி இருக்கு"ன்னாங்க. பூ அஞ்சு வாரம் நின்னுது.

ரெண்டாவது குளிர்காலத்தை 2024 தீபாவளி முடிஞ்சு ஆரம்பிச்சு, 2025ல பொங்கலுக்கு அப்புறம் எழுப்பினேன். இந்தத் தடவை ரெண்டு மாத்தம். உரத்தைச் சுத்தமா நிறுத்தினேன், எல்இடி பலகை இன்னும் ஒண்ணு சேர்த்து செடியையும் மேல ஏத்தினேன், போன்ல 40,000 லக்ஸ் பக்கம் காட்டிச்சு. வெப்பம் கூடினதால கம்ப்ரஸர் கூட ஓடுது, மீட்டர்ல ஒரு நாளைக்கு 3 யூனிட், மாசத்துக்கு நாப்பது அம்பது வெள்ளி (ரிங்கிட்) ஆகுது, வெளியில சாப்பிடறதைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டேன். அஞ்சுல நாலு பூத்துச்சு, இலை குட்டையாவும் பஞ்சு கெட்டியாவும் இருந்துச்சு, பூ போன வருஷத்தை விடத் தெளிவா வெள்ளை. வெளிச்சமா, பட்டினியா, எது காரணம்னு பிரிச்சுச் சொல்ல நாலு செடி போதாது. அடுத்த வருஷம் ரெண்டு தொட்டிக்கு மட்டும் உரம் குடுத்துப் பார்க்கப் போறேன்.

மலையில இதுக்கு ஈ, பூச்சியெல்லாம் வந்து மகரந்தம் மாத்திக் குடுக்கும். சில்லருக்குள்ள ஒரு ஈயும் கிடையாது, அதனால மகளோட வாட்டர்கலர் பிரஷ்ல ஒரு பூவுல இருந்து இன்னொரு பூவுக்குத் தடவினோம், பத்து நாள், ஒவ்வொரு நாளும் மத்தியானம். ஜூன்ல உருண்டைங்க பழுப்பாகி, நுனியில வெள்ளை முடி வெச்ச விதை வந்துச்சு. நிறைய பதர், ஆனா கருத்து உருண்டு இருந்ததை மகள் ஊசியால பிரிச்சு எண்ணினா, 61. அம்மா அதுல பத்தை ஒரு சின்ன டப்பாவுல போட்டு சாமி மேடையில வெச்சிருக்காங்க. மிச்சம் 51 ஈரப் பேப்பர்ல, தேதி எழுதி, கீழ் தட்டுல 3 டிகிரியில போன வாரம் வெச்சேன். இருபத்தி எட்டு நாள் கழிச்சு மண்ணு மேல தூவணும், அதுல ரெண்டு நாத்து மச்சானுக்கு.